பொம்மை வீட்டுக்குப் புதுப் பெயின்ட் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பாட்டியின் சிறு வயதுப் பொம்மை வீட்டைப் புதுப்பித்துப் பேத்திக்குக் கொடுக்கலாம் என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த குறிப்பைப் படித்தேன். யோசனை மிக நல்லது. ஆனால் உப்புத்தாளால் தேய்த்துப் புது எனாமல் அடிக்கச் சொன்னதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பெயின்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். உலர்ந்த பெயின்டைத் தேய்த்தால் பறக்கும் தூசி தரையில் படியும், பிள்ளையின் கை வழியாக வாய்க்குப் போகும். ஈரத் துணியால் துடைத்துக் காயவிட்டு, தண்ணீரில் கரையும் நிறமற்ற வார்னிஷ் இரண்டு கை பூசுங்கள். அதுவும் ஈயத்தை முழுதாக அடைத்துவிடாது, விளையாடியதும் பிள்ளை கை கழுவட்டும். பெயின்ட் செதில் செதிலாக உரிகிறதென்றால் அந்த வீடு அலமாரியில் பார்வைக்கு மட்டும் இருக்கட்டும்.

சாமான் வாங்கக் கிளம்புமுன் வாசற்கதவை அளந்துவிடுங்கள். உயரம் 7 அங்குலம் என்றால் 1க்கு 12, அதாவது நிஜத்தில் ஓர் அடி இங்கே ஓர் அங்குலம். நாலே முக்கால் என்றால் 1க்கு 18, மூன்றரை என்றால் 1க்கு 24. ராஷ்டிரபதி பவனை வரைந்த லட்யன்ஸ், இங்கிலாந்தின் மேரி அரசிக்காக வடிவமைத்து 1924இல் முடித்த பொம்மை வீடும் 1க்கு 12தான். குழாயில் தண்ணீர் வரும்படியும் லிஃப்ட் ஓடும்படியும் செய்தது அது. இந்த அளவைப் பார்க்காமல் வாங்குவதால்தான் பணம் வீணாகிறது. 11½ அங்குல பார்பியை 9 அங்குல அறையில் நிறுத்த முடியாது. நம் ஊர்ச் சொப்புக் குடம் ஒன்றரை அங்குலம் இருந்தால், அந்த வீட்டில் அது கல்யாண அண்டா. தில்லி கினாரி பஜாரில் கிடைக்கும் அரை அங்குலப் பித்தளை மணி அங்கே அழகான சொம்பாகிவிடும்.

நான் வற்புறுத்துவது ஒன்றுதான். வீட்டுச் சுவரில் எதையும் நேராக ஒட்டாதீர்கள். பழைய சுவர்த்தாள் அப்படியே இருக்கட்டும். சாவ்ரி பஜாரில் கல்யாணப் பத்திரிகைத் தாள் வாங்கி ஒன்றரை மில்லிமீட்டர் அட்டையில் ஒட்டி, அந்த அட்டையைச் சுவராகச் செருகுங்கள். தாள் ஈரத்தில் விரிந்து, காயும்போது சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் அட்டை அப்பளம் போல வளையும். அதனால் பின்பக்கமும் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டிப் பாரம் வைத்து ஓர் இரவு விடவும். முதலில் பின்சுவர், அடுத்து இரண்டு பக்கச் சுவர்கள், கடைசியில் தரை. ஒன்றையொன்று தாங்கி நின்றுகொள்ளும். ஒவ்வோர் அட்டையையும் அறை அளவைவிட 2 மில்லிமீட்டர் குறைத்து வெட்டுங்கள். தில்லியில் மே மாத அனல் காற்றில் கச்சிதமாகப் பொருந்தியது, ஆகஸ்ட் ஈரத்தில் உப்பிப் புடைத்துக்கொள்ளும்.

மூட்டு கழன்றிருந்தால் ஆணி அடிக்காதீர்கள், மெல்லிய பிளைவுட் பிளந்துவிடும். பழைய வஜ்ரப் பசையை வெந்நீர்த் துணியால் ஊறவைத்து முழுக்கச் சுரண்டிய பிறகு ஃபெவிகால் வையுங்கள். பழைய பசையின் மேல் புதுப் பசை பிடிக்காது. ஒரு நாள் கயிற்றால் கட்டி வைக்க வேண்டும்.

துணிதான் பலருக்கும் ஏமாற்றம் தருவது. அளவு சிறுத்தாலும் நூல் கனம் குறையாதே! ஆறு கெஜப் புடவை 1க்கு 12 கணக்கில் 18 அங்குல நீளம், 4 அங்குல அகலம். அத்தனையையும் சுற்றினால் பொம்மை உருளையாகிவிடும். மல் என்னும் மெல்லிய பருத்தித் துணியில் 12 அங்குலம் எடுத்து, கொசுவத்தை நாலு மடிப்போடு நிறுத்துங்கள். பகதூர் ஷா ஜஃபர் மார்க்கில் சங்கர் பொம்மை அருங்காட்சியகத்தில் புடவைக் கட்டுகளைப் பேத்தியோடு பார்த்துவிட்டு வந்து செய்தால் கை தானே பழகும். திரைச்சீலைக்கு ஜன்னலைப் போல இரண்டரை மடங்கு அகலம் வேண்டும். ஒரு ஸ்பூன் ஃபெவிகாலில் மூன்று ஸ்பூன் தண்ணீர் கலந்து நனைத்துப் பிழிந்து, பாலிதீன் சுற்றிய தெர்மாகோலில் மடிப்பு மடிப்பாகக் குண்டூசி குத்திக் காயவிட்டால் விறைப்பாக விழும். ஊசிகளை எண்ணி எடுத்து வைக்கவும்.

பழைய பிளாஸ்டிக் நாற்காலியில் மிருதுவான ரப்பர் போன்ற பொம்மையை உட்காரவைத்து மூடி வைக்காதீர்கள். பொம்மையிலிருந்து கசியும் எண்ணெய் நாற்காலியைக் கரைத்து இரண்டையும் ஒட்டவைத்துவிடும். நடுவே ஒரு பருத்தித் துணித் துண்டு போதும்.

விளக்கு வேண்டுமென்றால் பட்டன் பேட்டரி போடும் சரம் வேண்டவே வேண்டாம். விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக் குழாயைப் புண்ணாக்கிவிடும். லஜ்பத் ராய் மார்க்கெட்டில், திருகாணி மூடியுள்ள பேட்டரிப் பெட்டியோடு வரும் எல்.இ.டி. சரமாகக் கேட்டு வாங்குங்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால், 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளைக்குள் முழுதாக அடங்கும் எந்தச் சாமானும் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கக் கூடாது. மேலே சொன்ன பித்தளைச் சொம்பும் அதில் சேர்த்தி.

எல்லா அறையையும் பெரியவர்களே நிரப்பிவிடவும் கூடாது. பாட்டி காலத்துச் சாமான்கள் ஓர் அறையில் இருக்கட்டும். அந்த அறையில் பெரியவர்களோடு சேர்ந்துதான் விளையாடுவது என்று வழக்கம் வைத்துக்கொள்ளலாம். மற்ற அறைகளைப் பேத்தி தீப்பெட்டியும் ஐஸ் குச்சியும் வைத்து நிரப்பட்டும். சமையலறையில் அவள் கட்டிலைப் போட்டாலும் அது அவள் வீடு. சுவர் அட்டையை ஒட்டாமல் கழற்றும்படி செருகுவது இதற்கும்தான்: ஆறு வயதில் பிடித்த ரோஜாத் தாள் ஒன்பது வயதில் பிடிக்காது.

ஒரு வேண்டுகோள். 1க்கு 12 அளவில் நாற்காலி (உட்காரும் உயரம் ஒன்றரை, முதுகோடு மூன்று அங்குலம்), கட்டில் (ஆறரைக்கு மூன்று), சாப்பாட்டு மேசை (உயரம் இரண்டரை) இவற்றின் வெட்டுப் படங்களைத் தங்கள் இணைப்பில் அளவு மாறாமல் அச்சிட்டால், வாசகர்கள் தாளை அப்படியே அட்டையில் ஒட்டி வெட்டிக்கொள்வார்கள்.

— வாசகி, மயூர் விகார், தில்லி