பேர் கேக்க மறந்துட்டேன் அக்கா

போன ஞாயித்துக்கிழமை ரங்கூன் அனோரதா ரோட்டு காளி கோயில் வாசல்ல மழைக்கு ஒதுங்கி நின்னப்ப பக்கத்துல நின்ன அக்காவுக்குத்தான் இந்த நன்றி. பாப்பா பொறந்ததுலேர்ந்து வீட்லயே கால் மெஷின்ல (ரங்கூன் கரண்ட நம்பி மோட்டார் வாங்க முடியுமா என்ன) பச்சப்புள்ளைங்களுக்கு காட்டன் சட்ட தச்சு விக்க ஆரம்பிச்சிருக்கேன், அன்னிக்கு பையில 20 சட்டையோட ரெண்டு கடை ஏறி இறங்கியும் வேணாம்னுட்டாங்க, அழாத குறைதான்.

அக்கா ஒரு சட்டய விரிச்சு குட்டி பட்டன புடிச்சு ஒரே இழு, கையோட வந்துருச்சு. "புள்ள வாயில போட்டா தொண்டையில சிக்கிக்குமேம்மா"ன்னாங்க. எனக்கு மூஞ்சே செத்துப்போச்சு. சைடுல சின்னதா நாடா வை, கழுத்துகிட்ட மட்டும் வேணவே வேணாம்னு சொல்லிட்டு, சட்டையோட வைக்கிற என் அட்டையில "துவச்சிட்டு போடுங்க"ன்னு பர்மா பாஷையிலயும் எழுதி குடுத்தாங்க, எனக்கு பேச வரும் எழுத்துதான் தகராறு. பஸ் வந்துச்சு, ஏறி போயிட்டாங்க.

எல்லா பட்டனையும் பிரிச்சு மாத்தி தச்சாச்சு அக்கா, 14 வித்துருச்சு. இத பாத்தா ஒரு மெசேஜ் போடுங்க, உங்க பேத்திக்கு மஞ்ச கலர்ல ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன், நாடா சைடுலதான்.