சனிக்கிழமை ஆரன் தீவுப் பயணம்: காரில் வருபவர்கள் கவனத்துக்கு

அனைவருக்கும் வணக்கம். டப்ளின் விமான நிலையத்தில் கார் எடுப்பவர்களே, டப்ளினைச் சுற்றிச் செல்லும் எம்50 சாலையில் சுங்கக் கட்டணம் உண்டு, ஆனால் சுங்கச்சாவடி கிடையாது. கேமரா வண்டி எண்ணைப் படம் பிடித்துக்கொள்ளும். மறுநாள் இரவு 8 மணிக்குள் இணையத்திலோ கடையிலோ பணம் கட்டிவிட வேண்டும். போன முறை நான் மறந்துபோய் அபராதம் கட்டினேன். வாடகை நிறுவனமே கட்டிவிடுமா என்று சாவி வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மேற்குக் கரையிலுள்ள கால்வே நகரம் வரை சுமார் இரண்டரை மணி நேரம். அப்புறம் ரொசவீல் துறைமுகத்துக்குக் கடலோரச் சாலை. ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், அவசரம் வேண்டாம். அங்கிருந்து ஆரன் தீவுகளில் பெரியதான இனிஷ்மோருக்குப் படகில் 40 நிமிடம். கார் ஏற்ற முடியாது, கரையிலேயே நிறுத்த வேண்டும்.

படகு ஒத்துக்கொள்ளாதவர்கள் ரொசவீலுக்குப் போகும் வழியிலுள்ள இன்வெரினிலிருந்து குட்டி விமானத்தில் வரலாம். பத்து நிமிடம்கூட ஆகாது. பெட்டியோடு ஆளையும் எடை போடுவார்கள். இருக்கைகள் மிகக் குறைவு என்பதால் இன்றிரவுக்குள் சொல்லிவிடுங்கள்.