காருக்கு அடியில் நீல வெளிச்சம்

ஆசிரியருக்கு,

காரின் அடிப்பாகத்திலும் கிரில்லிலும் எல்இடி பட்டை ஒட்டுவது பரவிவருகிறது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பொருத்தித் தரும் கடைக்காரர்கள் ஹெட்லைட் ஒயரைக் கீறி, பட்டையின் ஒயரை அதிலேயே முறுக்கி, மேலே டேப் சுற்றி அனுப்பிவிடுகிறார்கள். பேட்டரியிலிருந்து தனி ஒயர், பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ், இடையில் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) என்று இழுப்பதுதான் முறை. ஃபியூஸ் இல்லாத ஒயர் பாடியில் உரசித் தோல் உரிந்தால் தீப்பிடிக்கக்கூடும். தூசியும் தண்ணீரும் புகாததற்கான ஐபி67 தரம் பெற்ற பட்டை 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும். வெட்டிய முனையை சிலிகான் வைத்து அடைக்காவிட்டால் அந்தத் தரமும் வீண்.

நிறம் இன்னொரு தலைவலி. பல நாடுகளில் நீலம் அவசர வாகனங்களுக்கானது. முன்னால் சிவப்பு எரிந்தால், வண்டி வருகிறதா போகிறதா என்றே எதிரே வருபவருக்குப் புரியாது. நிறுத்தி வைத்து ரசிக்க எரியட்டும். ஓட்டும்போது அணைக்கத் தனி சுவிட்ச் ஒன்றையாவது கடைக்காரர்கள் கேட்காமலே பொருத்தித் தரட்டும்.

- ஒரு வாசகர்