எந்த வகை டெங்கு என்று ஊருக்குச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் காய்ச்சல் பரவுவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். எத்தனை பேர் மருத்துவமனையில் இருக்கிறார்கள், எத்தனை வீடுகளில் தொட்டி கழுவினார்கள், எந்த வார்டில் புகை அடித்தார்கள் என்பதெல்லாம் இருந்தது. வந்திருப்பது நான்கு வகை டெங்குவில் எது என்ற ஒரு வரி மட்டும் இல்லை. செய்தியாளரைக் குறை சொல்லவில்லை. அவர் கேட்டிருந்தாலும் பதில் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

மதுரையில் கொசு ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். டெங்குவில் ஒரு வகை வந்து போனால் அதே வகை மறுபடி வராது. மற்ற மூன்றும் வரலாம். இரண்டாம் முறை வேறு வகை தாக்கும்போதுதான் இரத்தக் கசிவு, இரத்த அழுத்தச் சரிவு போன்ற ஆபத்துகளுக்கு வாய்ப்பு கூடுகிறது. ஆகவே பல ஆண்டுகள் ஒரே வகை சுற்றிக்கொண்டிருந்த ஊரில் புதிதாக இன்னொன்று நுழைந்தால், மருத்துவர்களுக்கு அது முன்கூட்டியே தெரிய வேண்டிய சேதி. 2012 இல் தமிழ்நாட்டில் 12,000 பேருக்கு மேல் டெங்கு வந்து 66 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு முதலாம் வகையின் ஆசிய மரபுக்கிளை இங்கும் கேரளத்திலும் தலைகாட்டியிருந்ததை, புனே தேசிய வைராலஜி நிறுவனத்தார் வைரஸின் மரபணுவைப் படித்துக் கண்டுபிடித்தார்கள். அது ஆய்விதழில் அச்சேறியது 2017 இல். அறிவியலுக்கு அது தாமதம் இல்லை. காய்ச்சலில் கிடந்த ஊர்களுக்குத் தாமதம்தான்.

இதே மாவட்டத்துக் குலசேகரத்தில் இருந்துகொண்டு இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் ஊரைச் சுற்றி ரப்பர் தோட்டங்கள். சிக்குன்குனியா 2006 இல் இந்தியாவுக்குத் திரும்பி வந்தபோது அதைப் பரப்பியது பெரும்பாலும் டெங்குவைப் பரப்பும் அதே கொசுதான், வீட்டுத் தொட்டியில் வளரும் ஏடிஸ் எஜிப்தி. மறு ஆண்டு கேரளத்தில் நிலைமை மாறியது. வைரஸின் மரபணுவில் ஏறத்தாழ 11,800 எழுத்துகள். அதில் ஒரே ஓர் எழுத்து மாறி, மேலுறைப் புரதத்தின் 226 ஆம் இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலம் போய் வேலின் என்ற இன்னோர் அமினோ அமிலம் வந்து அமர்ந்தது. அவ்வளவுதான். அதன்பின் அந்த வைரஸ் ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுவின் உடலுக்குள் முன்னைவிட எளிதாகப் பெருகத் தொடங்கியது. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் முன்பே பார்த்த மாற்றம் இது. கேரளத்தில் 2007 இல் வந்ததும் அதுவே என்று புதுச்சேரி நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தினர் மரபணுவைப் படித்துக் காட்டினார்கள்.

அல்போபிக்டஸ் தோட்டத்துக் கொசு. பால்வெட்டு நின்ற மழை நாளில் ரப்பர் மரத்துச் சிரட்டையில் தேங்கும் இரண்டு மடக்குத் தண்ணீர் அதற்குப் போதும். வீட்டுக்குள் பானையையும் பிளாஸ்டிக் டிரம்மையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் பணியாளர், நோய் தோட்டத்தில் இருக்கும்போது என்ன செய்ய முடியும்? எங்கே தேடுவது என்பதை அந்த ஓர் எழுத்து தீர்மானித்தது. கொசுப்புகை அடிக்கும் வண்டியோடு படம் எடுத்துக்கொள்ள வரும் பிரமுகர்களுக்கு இது தெரிய வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சுகாதாரத் துறையினருக்குத் தெரியும். தெரிந்ததை வாராவாரம் ஊருக்குச் சொல்வதற்கு ஓர் ஏற்பாடுதான் இல்லை.

எங்கள் காலத்தில் கொசுவுக்குள் வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு டாக்ஸோரிங்கைட்டிஸ் என்னும் பெரிய கொசுவை வளர்த்தோம். அது மனிதரைக் கடிக்காது. பிடித்து வந்த கொசுக்களை அரைத்து, அந்தச் சாற்றை ஊசியால் அதன் உடலில் ஏற்றி, ஒரு வாரம் பத்து நாள் காத்திருந்து, தலையை நசுக்கி ஒளிரும் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பச்சையாக மினுங்கினால் வைரஸ். பொறுமை உள்ளவர்களுக்கான வேலை அது. (கொசுச் செல்களிலேயே வைரஸை வளர்க்கும் வழியை உலகுக்குத் தந்தவர்களில் ஒருவர் புனேயில் இருந்த கே.ஆர்.பி. சிங். 1967 இல் அவர் உருவாக்கிய, ஆய்வுக்கூடத்தில் தொடர்ந்து பெருகும் கொசுச் செல் வரிசையின் வாரிசுகள் இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் இருக்கின்றன. நம் பாடநூல்களில் அவர் பெயரை நான் பார்த்ததில்லை.)

ஆர்.டி.பி.சி.ஆர். வந்தபின் அந்தப் பத்து நாள் ஒரு பகலாகச் சுருங்கியது. வைரஸின் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிக்க வைக்கிறார்கள். முப்பது சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டிவிடும். நான்கு வகைக்கும் நான்கு நிறச் சாயம் வைத்தால் ஒரே குழாயில் எந்த வகை என்று தெரிந்துவிடும். இயந்திரம் எளிது, அதற்கு முந்திய கைவேலைதான் கடினம். கொசுக்களைப் பனிக்கட்டித் தட்டில் பரப்பி, மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாகப் புரட்டுவோம். முதுகில் யாழ் வடிவ வெள்ளைக் கோடு இருந்தால் எஜிப்தி. நடுவில் ஒற்றைக் கோடு என்றால் அல்போபிக்டஸ். வயிற்றில் இரத்தம் சிவந்து தெரிபவற்றைத் தனியே வைக்க வேண்டும். அதில் கிடைக்கும் வைரஸ் கொசுவினுடையதா, அது கடித்த மனிதருடையதா என்று சொல்ல முடியாது. ஆண் கொசுக்களையும் எறியக் கூடாது. ஆண் கடிப்பதில்லை, அதனிடம் வைரஸ் இருந்தால் பெரும்பாலும் தாய்க் கொசு முட்டை வழியே கொடுத்ததாக இருக்கும். சென்னையில் இப்படி முட்டை வழியே டெங்கு கடப்பதை மதுரை ஆய்வாளர்கள் 2008 இல் பதிவு செய்திருக்கிறார்கள். காய்ச்சலே இல்லாத கோடையிலும் வைரஸைத் தேடலாம் என்பது இதன் பொருள்.

கொரோனா காலத்தில் அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு ஆர்.டி.பி.சி.ஆர். இயந்திரங்கள் வந்தன. 2021 இல் சென்னையில் மாநில அரசே மரபணுப் பகுப்பாய்வுக் கூடம் திறந்தது. டெங்குவுக்கு வேறு இயந்திரம் தேவையில்லை. வேறு வேதிப்பொருள் வாங்கினால் போதும், பயிற்சி பெற்ற கைகளை ஒப்பந்தம் முடிந்தது என்று வீட்டுக்கு அனுப்பாமல் இருந்தால் போதும்.

எந்த நாளில் எந்தப் பரிசோதனை என்பதையும் தாங்கள் எழுத வேண்டும். என் தங்கை பேரனுக்குக் காய்ச்சல் தொடங்கிய மறுநாளே ஒரு தனியார் ஆய்வகத்தில் ஐ.ஜி.எம். என்ற எதிர்ப்பொருளை மட்டும் பார்த்து, "நெகட்டிவ், டெங்கு இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்த எதிர்ப்பொருள் இரத்தத்தில் தெரிவதற்கே நான்கைந்து நாள் ஆகும். முதல் நாட்களில் பார்க்க வேண்டியது வைரஸின் என்.எஸ். 1 புரதம் அல்லது ஆர்.டி.பி.சி.ஆர். அடுத்த வாரம் அதே பையனுக்குப் பாசிட்டிவ் வந்தது; தட்டணுக்கள் இறங்கியபின் ஓடினோம். பையன் நன்றாக இருக்கிறான். ஐ.ஜி.எம்.முக்கு இன்னொரு குறையும் உண்டு: ஜிக்காவும் டெங்குவும் பங்காளி வைரஸ்கள் என்பதால் அது ஆள் மாறிச் சொல்லலாம். எங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரம் மாவட்டத்தில், 2021 ஜூலையில் ஜிக்கா இருந்தது. மரபணுப் பரிசோதனை இல்லாமல் இரண்டையும் பிரிப்பது கடினம்.

வகையைச் சொன்னால் மக்கள் பீதியடைவார்கள் என்று அதிகாரிகள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். டெல்டா, ஒமிக்ரான் என்று டீக்கடையில் நின்று விவாதித்த மக்கள்தானே இவர்கள்? டெங்கு இரண்டா, மூன்றா என்று கேட்டால் தாங்கமாட்டார்களா?

பருவமழை தொடங்குமுன் ஒவ்வொரு மாவட்டத்திலும் கொஞ்சம் கொசுக்களையும், சீசனில் உறுதியான நோயாளிகளில் ஒரு பகுதியினரின் முதல் நாட்களில் எடுத்த இரத்தத்தையும் வகை பிரித்துப் பார்த்து, முடிவை வாராவாரம் வெளியிட வேண்டும். அடுத்த செய்தியாளர் சந்திப்பில் தங்கள் நிருபர் இதைக் கேட்கட்டும்.

கடைசியாக ஒன்று. அந்தச் செய்தியோடு தாங்கள் அச்சிட்ட படத்தில் இருந்தது கியூலெக்ஸ் என்ற வேறு கொசு. அது டெங்குவைப் பரப்பாது.

த. செல்வராணி,
குலசேகரம்.