ராக்கெட் கடலில் விழுந்தால்? கடலூரிலிருந்து ஒரு மடல்

இஸ்ரோவுக்கும் அணுசக்தித் துறைக்கும் வணக்கம்.

கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். சந்திரயான்-3இன் உந்துகலத்தில் சின்னதாக இரண்டு கதிரியக்க வெப்ப அலகுகள் (கதிரியக்கப் பொருள் தானே விடும் சூட்டால் கலத்தைக் குளிரிலிருந்து காக்கும் கணப்புகள்) போயின என்று படித்தபோது சந்தோஷப்பட்டேன். நிலாவில் இரவு நம் கணக்கில் 14 நாள். விக்ரம் லேண்டரில் அப்படி ஒரு கணப்பு இல்லை. 2023 செப்டம்பரில் தூங்கியது எழவே இல்லை. அடுத்த கலங்களுக்கு இது வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை.

இதைத் துறைமுக டீக்கடையில் சொன்னேன். வலை சரிசெய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் நிமிர்ந்தார். "ராக்கெட்டு கடல்ல விழுந்துட்டா?"

ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் எங்களுக்கும் ஒரே கடல். "பயப்படாதீங்க" என்று மட்டும் சொன்னால், ஆலைகளுக்கு நடுவில் வாழும் இந்த ஊரில் எடுபடாது. அதனால் தெரிந்ததைச் சொன்னேன். 1964இல் அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்று சுற்றுப்பாதையை எட்டாமல் திரும்பியது. அதிலிருந்த கதிரியக்க எரிபொருளான ஏறத்தாழ ஒரு கிலோ புளூட்டோனியம்-238 உலோகமாக இருந்தது. வானத்திலேயே எரிந்து தூசியாகப் பரவியது. (எரிந்து கரையட்டும் என்பதுதான் அன்றைய வடிவமைப்பே!) அப்புறம்தான் யோசனை தலைகீழானது. புளூட்டோனியம் வீசும் ஆல்ஃபா கதிரை ஒரு தாளே தடுத்துவிடும். தூசியாகி நுரையீரலுக்குள் போனால்தான் வினை. ஆகவே எரிபொருளை ஆக்சைடாக்கி, பீங்கான் மாதிரி வில்லையாகச் சுடுகிறார்கள். உடைந்தால் பெரும்பாலும் சில்லாகும், தண்ணீரில் லேசில் கரையாது. மேலே இரிடியம் உறை, 2,400 டிகிரி செல்சியஸ் தாண்டித்தான் உருகும். அதற்கும் மேல் கிராஃபைட் ஓடு. எனக்குப் பிடித்தது உறையில் உள்ள நுண்வழி: ஆல்ஃபா துகள் ஹீலியமாகிச் சேர்ந்து உறையை உப்பச் செய்யும், அந்த வாயு வெளியேறலாம், தூள் வெளியேறாது.

1968இல் ஒரு ராக்கெட்டைப் பாதி வழியில் அழிக்க நேர்ந்தபோது, அது சுமந்த கதிரியக்க எரிபொருளைக் கலிஃபோர்னியா கடலடியிலிருந்து சேதமில்லாமல் எடுத்து மறுபடி பயன்படுத்தினார்கள் என்றும் சொன்னேன்.

"அவங்க தேடி எடுத்தாங்க. இங்க யாரு தேடுவா?"

பதில் என்னிடம் இல்லை, உங்களிடம் இருக்க வேண்டும். அடுத்த முறை ஏவும் முன் தேவனாம்பட்டினத்துக்கோ முதுநகருக்கோ வாருங்கள். எரிபொருள் 88 ஆண்டு அரையாயுள் (பாதியாகக் குறைய ஆகும் காலம்) உள்ள புளூட்டோனியமா, சூடு குறைந்து 432 ஆண்டு இழுக்கும் அமெரிசியமா? வில்லையை எவ்வளவு வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தீர்கள்? தமிழில் சொல்லுங்கள். மாதிரி வில்லை ஒன்றையும் கையோடு கொண்டுவாருங்கள், வெறும் பீங்கானில் செய்தது போதும். அப்படியே, வலையில் சூடான கறுப்பு உருளை ஏதாவது மாட்டினால் எந்த எண்ணுக்குப் பேசுவது என்பதையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கடலூர்க்காரன் ஒருவன்