ஏற்காட்டில் தண்ணீர் எப்போது கொதிக்கும்?

சேலம்
ஞாயிறு

அன்புள்ள கமலா,

கடிதம் கிடைத்தது. தலைமையாசிரியர் ஆகிவிட்டாய், சந்தோஷம். காலை வெறும் வயிற்றில் காப்பி குடிப்பதையாவது இனி நிறுத்து.

இங்கே எங்கள் பி.எட். கல்லூரிப் பிள்ளைகள் பள்ளிகளுக்கு டீச்சிங் பிராக்டிஸ் போயிருக்கிறார்கள். நாம் படித்தபோது பி.எட். ஒரே வருஷம். 2015-இல் அதை இரண்டாக்கிவிட்டார்கள். இப்போது முதலாண்டில் 4 வாரம், அடுத்த ஆண்டில் 16 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும். மைக்ரோ டீச்சிங் மட்டும் அப்படியே இருக்கிறது. உடன் படிப்பவர்களே ஆறாம் வகுப்புக் குழந்தைகளாக நடிப்பார்கள், கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொல்வார்கள். அப்படி ஒரு வகுப்பை நீயும் நானும் எங்கே பார்த்தோம்!

போன வாரம் ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கு மேற்பார்வைக்குப் போனேன். இருபது கொண்டை ஊசி வளைவும் தாண்டி இறங்கும்போது எனக்குத் தலை சுற்றியது. எங்கள் மாணவி ஒருத்தி, ஓமலூர்ப் பக்கம், அன்று வெப்பம் நடத்தினாள். பாடக்குறிப்பு கச்சிதம், சார்ட் அழகு. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று எழுதிப்போட்டாள். மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், சேலத்துல எங்க அத்தை வீட்டுல பருப்பு சீக்கிரம் வெந்துடுது, இங்க ஏன் வேக மாட்டேங்குது?" என்றான். "அது இந்தப் பாடத்தில் இல்லை, உட்கார்" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள்.

இறங்கும் பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். திட்டவில்லை. ஏற்காடு எவ்வளவு உயரம் என்று கேட்டேன். சுமார் 1,500 மீட்டர் என்றாள். மேலே போகப் போகக் காற்றழுத்தம் என்ன ஆகும் என்றேன். கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிவாரம் வருவதற்குள், "அய்யோ, மேல அழுத்தம் குறைவு, தண்ணி நூறுக்கு முன்னாடியே கொதிச்சிடும், அந்தச் சூட்டுல பருப்பு வேக நேரமாகும். அந்தப் பையன் சரியாத்தானே மேடம் கேட்டான்" என்று தானே சொன்னாள். மறுநாள் லேபிலிருந்து தெர்மாமீட்டரும் ஸ்டவ்வும் கொண்டுபோயிருக்கிறாள். அந்தப் பையனையே அளவு பார்க்கச் சொன்னாளாம். கொதிக்கிற தண்ணீர் 95 டிகிரியை ஒட்டி நின்றதாம். மாலையில் போன் செய்து இதைச் சொல்லும்போது அவள் குரலைக் கேட்டிருக்க வேண்டும் நீ!

எனக்கு இப்போது 16 வாரம் என்ற கணக்கில் பெரிய நம்பிக்கை இல்லை. வகுப்பின் பின்னால் ஒருவர் முழுப் பீரியடும் உட்கார்ந்து பார்த்து, பிறகு தனியாக அரைமணி பேசினால்தான் அது பயிற்சி. நடப்பது வேறு. மேற்பார்வைக்குப் போகும் ஒரு ஆளுக்கு நாலைந்து பள்ளி, ஓடிப்போய் ரெக்கார்டில் கையெழுத்துப் போடத்தான் நேரம். பள்ளியிலும் லீவு போட்ட ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பில் நிறுத்துகிறார்கள். வேறொரு இடத்தில் எங்கள் பிள்ளைகள் இரண்டு பேர் வாரக்கணக்கில் எமிஸ் பதிவுதான், அதாவது மாணவர் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலைதான் செய்தார்கள். வகுப்பைச் சமாளிப்பதும் தெரிய வேண்டியதுதான், அதை நான் குறை சொல்லமாட்டேன். கம்ப்யூட்டர் வேலைக்கு எதற்கு பி.எட்.?

உன் பள்ளிக்கும் இந்த வருஷம் வருவார்கள். ஒவ்வொருவருக்கும் உங்கள் ஆசிரியர் ஒருவரைப் பொறுப்பாகப் போடு. வாரம் ஒரு பீரியடாவது பின்னால் உட்காரச் சொல். அறிவியலுக்கு உன்னிடம் அப்படி உட்காரக்கூடியவர் யார் இருக்கிறார்? எழுது.

அன்புடன்,
செல்வி