ஸ்பிரிங்கை வெட்டிக்கொண்டு டிராக்குக்குப் போகாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வேலூர், ராணிப்பேட்டை இளைஞர்கள் சிலர் சொந்தக் காரை எடுத்துக்கொண்டு, ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் உள்ள இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்துக்குப் போய் ஓட்டிப் பழகுகிறார்கள். 1990இல் திறந்த தடம், ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர். எதிரே லாரி வராது, குறுக்கே மாடு வராது. நெடுஞ்சாலையில் வேகம் காட்டுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். ஆனால், போகும் முன் அவர்கள் செய்யச் சொல்லும் வேலைகள்தான் கவலையாக இருக்கின்றன. சத்துவாச்சாரியில், சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்க்கும் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

"அண்ணே, ஸ்பிரிங்கை ரெண்டு சுத்து வெட்டி வண்டியை இறக்கிக் கொடுங்க" என்பார்கள். நான் செய்வதில்லை. செய்து கொடுக்கிற பட்டறைகளும் இருக்கின்றன. ஸ்பிரிங்கின் நீளம் குறைந்தால் வளைவில் வண்டி சாய்ந்ததும் ஷாக் அப்சார்பர் அடிவரை போய் முட்டும். முட்டிய நொடியில் அந்தச் சக்கரத்தின் பிடி போய்விடும். மேட்டில் தூக்கிப் போட்டால் ஸ்பிரிங் தன் இடத்தைவிட்டு நகரவும் கூடும். அந்தப் பணத்தில், சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைக்கும் லோயர் ஆர்ம் புஷ் (ரப்பர் உறை), பால் ஜாயின்ட், ஸ்ட்ரட் மவுன்ட் மூன்றையும் பார்த்து, ஆட்டம் இருப்பதை மாற்றுங்கள். எண்ணெய் கசியும் ஷாக்கை ஜோடியாக மாற்றுங்கள். புஷ் கிழிந்த வண்டிக்கு அலைன்மென்ட் பார்ப்பதே வீண், பிரேக் மிதித்ததும் அளவு மாறிவிடும். பிரேக் ஆயில் இரண்டு வருடம் தாண்டியிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

டயருக்கு வருவோம். புதிதாகப் பழகுபவருக்கு வண்டியில் இருக்கும் டயரே போதும், நல்ல நிலையில் இருந்தால். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. நம்மூர் வெயிலில் வருடக்கணக்காக நின்ற டயரில் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேல் கட்டைகள்) நிறைய இருக்கும், ஆனால் ரப்பரில் முடி போல வெடிப்பு ஓடியிருக்கும். ஆறு வருடம் ஆனதையும், பக்கவாட்டில் புடைத்ததையும் டிராக்குக்கு எடுத்துப் போகவே கூடாது. வீல் நட்டை ஸ்பானரில் ஏறி மிதித்து முறுக்காமல், கையேட்டில் உள்ள அளவுக்கு, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் முறுக்குங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் காற்று. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவைவிட இரண்டு மூன்று பவுண்டு (psi) கூட வைத்துத் தொடங்குங்கள். டயரின் ஓரத்தில் சாக்பீஸால் கோடு போட்டு நாலைந்து சுற்று ஓட்டிப் பாருங்கள். ஓரத்தில் உள்ள சின்ன முக்கோணக் குறியையும் தாண்டிக் கோடு அழிந்திருந்தால் காற்று போதவில்லை. சூடேறினால் 33 பவுண்டு 40-ஐ நெருங்கும், அப்போது கொஞ்சம் இறக்குவார்கள். சரி, இறக்கலாம். ஆனால் டயர் ஆறியதும் அதுவே 27, 28-க்கு வந்துவிடும்.

அப்படியே நான்கு பேரை ஏற்றிக்கொண்டு வேலூருக்குத் திரும்புவதைத்தான் நான் பயப்படுகிறேன். காற்று குறைந்த டயர் வேகத்தில் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும். டிராக்கை விட்டு வந்ததும், நெடுஞ்சாலை ஏறும் முன், முதல் பெட்ரோல் பங்கில் ஸ்டெப்னி உட்பட ஐந்து டயருக்கும் காற்று பார்த்துவிடுங்கள், தம்பிகளே.

- அலைன்மென்ட் கடைக்காரர்,
சத்துவாச்சாரி, வேலூர்.